தொண்டின் பெயரால்

கலை வளர்க்கிறோம் என்று பெயர்ப்பலகை மாட்டிய மன்றங்கள் நம் நாட்டில் பல உள. நாடக மன்றம், இசைச் சங்கம், கூத்துக் குழு, நடனப் பள்ளி, ஓவியக் கூடம். எல்லாம் இலாபம் நாடாதவை, முறைப்படி பதிவு செய்யப்பட்டவை, ஆண்டறிக்கை அச்சிடுபவை. அறிக்கையின் முதற் பக்கத்தில் தலைவரின் படம் இருக்கும். அடுத்த பக்கத்தில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். இரண்டிலும் இல்லாத ஒருவர் உண்டு. திரையை இழுத்தவர் அவர்; விளக்கைத் திருப்பியவர் அவர்; கூட்டம் கலைந்தபின், நள்ளிரவு கடந்து, நாற்காலிகளை அடுக்கியவரும் அவரே. சென்ற மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். "இது தொண்டு ஐயா, தொழில் அல்லவே!" என்பார். அது அவராகக் கண்டுபிடித்த சொல் அன்று. அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட சொல்.

அந்தச் சொல்லைத்தான் இங்கே எடுத்து ஆராயப் புகுகிறோம். நோக்கம் உயர்ந்தது என்றால், அந்த நோக்கத்துக்காக உழைப்பவனுக்குப் பட்ட கடன் குறைந்துவிடுமா? வட்டிக்கடைக்காரன் தன் கணக்குப்பிள்ளைக்குக் கூலி தராவிட்டால் கொடுமை என்கிறோம். கலை மன்றத்தின் செயலாளர் தம் கணக்குப்பிள்ளைக்குக் கூலி தராவிட்டால் தியாகம் என்கிறோம். பட்டினி என்னவோ இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்! பசி, அடுப்பு எரியாமைக்குக் காரணம் கேட்டுவிட்டா வயிற்றைக் கிள்ளுகிறது?

இதில் எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பழக்கம் உண்டு. "ஆசிரியப் பணி அறப்பணி" என்ற வாசகம் எப்பொழுது உரக்க ஒலிக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா, தோழர்களே? பாடம் நன்றாக நடக்கும் நாளில் ஒலிப்பதில்லை. ஊதிய உயர்வு கேட்கும் நாளில் ஒலிக்கும்.

இந்த வழக்குக்கு நம் நாடக மேடையிலேயே பழைய சான்று இருக்கிறது. பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய சிறுவர் நாடகக் குழுக்களைச் சொல்கிறோம். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை அமைத்தார். தமிழ் நாடகத்துக்கு அவர் செய்தது பெரிது. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அவர் ஏன் சிறுவர்களை நாடினார்? வயது வந்த நடிகர்களிடம் ஒழுங்கில்லை, சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, சொன்னபடி நடப்பதில்லை. ஆகவே சிறுவர்களைக் கொண்டு குழு அமைக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுத்தது என்று நாடக வரலாறு எழுதியோர் கூறுவர். எண்ணிப் பாருங்கள்: அது ஒரு கலைச் சிக்கல் அன்று, நிருவாகச் சிக்கல். ஒழுங்கு வேண்டும். ஒழுங்குக்கு இரண்டு வழி உண்டு. நேரத்துக்கு ஊதியம், நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு ஓய்வு தந்து, நேரத்துக்கு வேலை கேட்பது ஒன்று. எதிர்த்துப் பேச வாயும், விட்டுப் போகக் காலும் இல்லாதவனை வேலைக்கு வைப்பது மற்றொன்று. நம் மேடை இரண்டாவது வழியைத் தேர்ந்தது.

ஆறு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள் குழுவில் சேர்ந்தனர். டி.கே. சண்முகம் சேர்ந்தபோது வயது ஆறு. குழு எங்கே முகாமிட்டதோ அதுவே வீடு. குழுவின் சோறே சோறு. வாத்தியாரின் கையே சட்டம். பாடம் மறந்தால் அடி, தாளம் தவறினால் அடி. வறுமை துரத்திய பெற்றோர் கொண்டுவந்து விட்ட பிள்ளை, அடிபட்டால் எங்கே போகும்?

"அந்தக் கண்டிப்பால்தானே பெரிய நடிகர்கள் உருவானார்கள்?" என்று கேட்பவர் இன்றும் உண்டு. பட்டியலும் வாசிப்பார்கள்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஆர். இராதா, எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன். உண்மைதான். எல்லோரும் நாடகக் குழுவில் வளர்ந்தவர்களே. ஆனால் பகுத்தறிவு உள்ளவன் இந்தப் பட்டியலைக் கண்டதும் மறு பட்டியலைக் கேட்க வேண்டாமா? அதே பாயில் படுத்து, அதே அடியை வாங்கி, குரல் உடைந்த வயதில் 'இனி நீ பெண் வேடத்துக்கு ஆகமாட்டாய்' என்று வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் எங்கே? எழுத்தும் தெரியாமல், வேறு தொழிலும் தெரியாமல், மேடையும் இல்லாமல் தெருவில் நின்றவன் தன்வரலாறு எழுதியதில்லை. கரையேறியவனைக் கேட்டுவிட்டு, வெள்ளம் நல்லது என்று தீர்ப்பெழுதுவது என்ன அறிவு?

பிற்காலத்தில் அந்தச் சிறுவர்களே முதலாளிகளானதும் உண்டு. டி.கே.எஸ். சகோதரர் நால்வரும் 1925-இல் தமக்கென ஒரு குழுவைத் தொடங்கினர். நடித்தவர் கையில் நிருவாகம் வந்தது. அது வளர்ச்சிதான். ஆயினும் திரை இழுப்பவரின் நிலைமையைக் குழுவின் உரிமையாளர் மனம் அல்லவா முடிவு செய்தது? நல்ல உரிமையாளர் வாய்த்தால் நல்ல காலம். வாய்க்காவிட்டால்? மழையை நம்பிய பயிர் போன்ற வாழ்வு அது. வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை.

மறுபக்கமும் பார்த்துவிடுவோம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞரும் அலுவலரும் பொழுது ஒழிந்த நேரத்தில் ஊதியமின்றி நடித்தனர். கூத்தாடி என்று இழிவாகப் பேசிய ஊரின் வாயை அடைத்த செயல் அது. அங்கே ஊதியம் இல்லாமை குற்றமா? இல்லை. ஏன் இல்லை? வழக்கறிஞருக்கு நீதிமன்றத்தில் வருமானம் இருந்தது. சபையை விட்டு நாளையே விலகலாம். விலகினால் உலை கொதிக்காமல் போகாது. சபையின் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும் அவருக்கு வாக்கு இருந்தது. தொண்டு என்ற சொல் பொருந்தும் இடம் இது. விலகும் வழி திறந்திருக்க வேண்டும். கேட்கும் வாய் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவனைத் தொண்டன் என்று அழைப்பது, கூட்டில் அடைத்த கிளியை வீட்டுப் பற்றுள்ள பறவை என்று புகழ்வதற்கு ஒப்பாகும்.

வியப்பு என்னவென்றால், நாம் இங்கே தட்டுத் தடுமாறிச் சொல்லும் இந்த வேறுபாட்டை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பெங்களூர்க் குடிநீர் வாரியம் தொடர்பான வழக்கு அது. நீதிபதிகள் எழுவர் அமர்ந்தனர். முதன்மைத் தீர்ப்பை வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். இலாப நோக்கம் உண்டா இல்லையா என்பது கேள்வியே அன்று; முறையாக ஒரு பணி நடக்கிறதா, வேலை தருவோரும் வேலை செய்வோரும் கூடி அதை நடத்துகிறார்களா, மக்களின் தேவைக்குரிய பொருளோ சேவையோ அதிலிருந்து பிறக்கிறதா என்று பார், பிறந்தால் அது 'தொழில்', அங்கே உழைப்பவனுக்குத் தொழிலாளர் சட்டத்தின் காவல் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அறநிலையமாயினும் சரி, கல்விக்கூடமாயினும் சரி. அதே தீர்ப்பு ஒரு விலக்கும் வைத்தது: பணத்துக்காக அன்றி, பொது நோக்கத்தால் ஈர்க்கப்பட்டுத் தாமே முன்வந்தவர்களால் நடக்கும் சிறு அமைப்புகள் அதில் அடங்கா. தானாக வந்தவன் வேறு, வேலைக்கு அமர்த்தப்பட்டவன் வேறு. இவ்வளவுதான் செய்தி. இதைப் புரிந்துகொள்ள ஏழு நீதிபதிகள் தேவைப்பட்டதுதான் விந்தை!

ஆனால் சட்டம் எப்போதும் ஒரே திசையில் நடப்பதில்லை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்ற சொல்லுக்குப் புதிய எல்லை வகுத்தது. முழுமையாகவோ பெரும்பகுதியோ அறப்பணி, சமூகப் பணி, கொடைப் பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களை அந்த எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2025 நவம்பரில் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஒரு கலை மன்றம் தன்னை அறப்பணி அமைப்பு என்று சொல்லிக்கொண்டால், அதன் விளக்குப் பணியாளரின் நிலை என்ன? வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நமக்குத் தெரிவது ஒன்று: சட்டம் பின்வாங்கும் இடத்தில் நேர்மை முன்வர வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது, செய்யக்கூடாது என்று பொருள்படாது. கட்டாயம் இல்லாதபோதும் செய்தால்தானே அதற்கு அறம் என்று பெயர்? அறப்பணி என்ற பெயரைக் காட்டி விலக்குப் பெற்றவர்கள், அந்தப் பெயருக்கு ஏற்ப நடக்கிறார்களா என்று கேட்க நமக்கு இப்போது இருமடங்கு உரிமை வந்துவிட்டது.

இந்த இடத்தில் மன்றத்தார் எடுத்து வீசும் அம்பு ஒன்று உண்டு. "சட்டம், விதி, ஊதியப் பட்டியல் என்று பேசாதீர்கள். நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்!" கேட்க இனிக்கிறது. ஆனால் குடும்பம் என்றாலே இனிமை என்று யார் சொன்னது? யார் முதலில் உண்பது, யார் கடைசியில் உண்பது, யார் பேசலாம், யார் வாய் திறக்கக்கூடாது என்று எழுதாத சட்டம் நம் குடும்பங்களில் இல்லையா? மருமகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே முறையிட மாமியார். மாமியார் மீதே முறையீடு என்றால் மாமனார். அதற்கு மேல் கிணறு! குடும்பம் என்ற சொல்லால் மன்றத்தை மூடும்போது, தலைவர் தந்தையாகிவிடுகிறார். தந்தையிடம் கணக்குக் கேட்பவன் நன்றி கெட்ட பிள்ளையாகிவிடுகிறான். சம்பளம் கேட்பது பாசத்துக்குக் குறைவு. முறையிடுவது குடும்ப மானத்துக்குக் கேடு.

கற்பனை இல்லை இது. சென்னைக் கலாக்ஷேத்திரத்தை அறியாதார் இல்லை. 1936-இல் தோன்றியது, 1993-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டின் முதன்மைக் கலை நிறுவனமாக ஏற்கப்பட்டது. அங்கே 2023-இல் மாணவியர் வளாகத்தில் அமர்ந்து போராடினர். பாலியல் தொல்லை என்பது குற்றச்சாட்டு. ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார்; ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, நம் வேலையன்று. நாம் கேட்பது வேறு. இசைக்கும் நடனத்துக்கும் பெயர் பெற்ற ஓரிடத்தில், ஒரு பெண் தன் குறையைச் சொல்வதற்குத் தரையில் உட்கார்ந்து முழக்கமிட வேண்டிய நிலை ஏன் வந்தது? 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடம் ஒவ்வொன்றிலும் உள்முறையீட்டுக் குழு வேண்டும் என்கிறது. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். சங்கமும் அறக்கட்டளையும் கலைக்கூடமும் இதற்கு விலக்கல்ல. அந்த வெளியார் ஒருவர் எதற்கு? 'குடும்பம்' என்ற சுவரில் ஒரு சன்னல் வைப்பதற்கு. ஊர்தோறும் உள்ள நம் மன்றங்களில் எத்தனை அந்தச் சன்னலைத் திறந்து வைத்திருக்கின்றன? குருவின் காலில் விழுந்து எழும் பழக்கம் உள்ள கலைகளில் இது மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு தேவை. விழுந்தவன் எழும்போது குரல் மேலெழுவதில்லை.

"எல்லாம் சரி. பணம்?" என்பார் செயலாளர். நியாயமான கேள்வி. நுழைவுச் சீட்டில் வரும் காசு அரங்க வாடகைக்குக் கூடக் காணாது. நல்கை தருவோர் நாடகத்துக்குத் தருவார்கள், விழாவுக்குத் தருவார்கள். மாதந்தோறும் கணக்கருக்குச் சம்பளம் என்றால் முகம் சுளிப்பார்கள். நிருவாகச் செலவு குறைந்த மன்றமே நேர்மையான மன்றம் என்பது ஊரின் நம்பிக்கையாகிவிட்டது. அரசும் இதையே எண்ணுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் நிருவாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இடம் இருந்தது. 2020-இன் திருத்தம் அதை 20 விழுக்காடாகச் சுருக்கியது. பெருச்சாளிகள் நன்கொடையைத் தின்பதைத் தடுக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அளவுகோல் பெருச்சாளியையும் கணக்கரையும் ஒன்றாக அளக்கிறது. மேடையில் நிற்பவருக்குக் கொடுத்தால் கலை; மேடையை நிற்க வைத்தவருக்குக் கொடுத்தால் வீண்செலவு!

மறுதலையாக எண்ணிய அரசு ஒன்றும் உலகில் இருந்தது. அமெரிக்காவில் பெருமந்தம் தாக்கியபோது நாடகக்காரர்கள் வேலையின்றித் திரிந்தனர். 1935-இல் அந்நாட்டு அரசு கூட்டரசு நாடகத் திட்டத்தைத் தொடங்கி, ஹாலி ஃபிளானகன் என்ற கல்லூரிப் பேராசிரியையிடம் ஒப்படைத்தது. நிதியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஊதியத்துக்கே என்பது அங்கே விதி. நடிகருக்கு மட்டுமா? தையற்காரர், தச்சர், விளக்குக்காரர், சீட்டு விற்பவர் அனைவருக்கும். உச்ச நிலையில் 12,000 பேருக்கு மேல் அதில் வேலை பெற்றனர். சட்டைத் துணிக்கும் மரப்பலகைக்கும் மிச்சம் குறைவு. அதனால் எளிய மேடை, புது உத்தி. கலை செத்துவிடவில்லை, புதிய நாடகங்களே பிறந்தன. 1939-இல் அரசியல் பகை அதன் கதையை முடித்தது. கூலி கொடுத்ததால் அது மடியவில்லை.

நம் மண்ணிலும் முயன்றவர்கள் உண்டு. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகனுக்கு நடிப்பே முழுநேர வேலையாக இருக்க வேண்டும் என்று நினைத்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை கிடைத்த காலத்தில் நடிகர்களுக்கு மாத ஊதியமும் தந்தது. நல்கை என்பது கடல் அலை போன்றது, வரும், போகும் என்பதையும் அது கண்டது. காஞ்சிபுரத்துப் பக்கம் 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். கூத்துக் குழுவில் முன்பணம் வாங்கியவன் பருவம் முழுவதும் அக்குழுவோடு கட்டுண்டு ஆடுவது பழைய வழக்கம். பாரதம் நடக்கும் ஊர்தோறும் இரவு முழுக்க ஆட்டம். விடிந்தால் அடுத்த ஊர். முன்பணம் கடனாகும், கடன் கயிறாகும். அந்தக் கலைஞர்களே தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள் என்பது சிறிய செய்தியன்று. நல்ல முதலாளிக்குக் காத்திருக்காமல், தமக்காகத் தாமே பேசக் கூடினார்களே, அதுவல்லவா செய்தி?

நிருவாகம் என்றால் நம் இளைஞர்களுக்கு ஓர் இளப்பம். எழுதுபவன் உயர்ந்தவன், நடிப்பவன் உயர்ந்தவன், கணக்கு எழுதுபவன் குமாஸ்தா! ஒத்திகை ஆறு மணிக்கு என்றால் ஆறுக்குத் தொடங்கி, எட்டரைக்கு முடிப்பவன் யார்? நடிக்க வந்த பெண் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும்படி பார்ப்பவன் யார்? ஒப்பனை அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, பக்கத்தில் கழிப்பறை உண்டா என்று அரங்கம் பேசி முடிக்குமுன் போய்ப் பார்ப்பவன் யார்? ஊதிய நாளன்று கையில் பணமில்லை என்றால், ஒளிந்துகொள்ளாமல் எல்லோரையும் உட்கார வைத்து ஏட்டைத் திறந்து காட்டுபவன் யார்? அவன்தான் நிருவாகி. அவன் வேலை சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது. தவறினால் நாடகமே தெரியாது. கனிவான சூழல், கனிவான சூழல் என்று பேசுகிறார்கள். அது புன்னகையால் வருவதன்று. தாழ்ப்பாளால் வருகிறது, கால அட்டவணையால் வருகிறது, திறந்த கணக்கால் வருகிறது. புன்னகையும் இருந்தால் நல்லதுதான்.

பணம் உண்மையிலேயே இல்லாத மன்றம் என்ன செய்வது? மூன்று நாடகம் போடுவதை இரண்டாக்கலாம். விழா மலரின் வழவழப்புத் தாளைக் குறைக்கலாம். தலைவருக்குப் போர்த்தும் பொன்னாடையை ஓராண்டு நிறுத்திப் பார்க்கலாம். அவர் குளிரால் வாடமாட்டார். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், குறையை எல்லோரும் பங்கிட வேண்டும். செயலாளர் தம் பயணப்படியை முழுதாக எடுத்துக்கொண்டு, திரை இழுப்பவரை மட்டும் தியாகம் செய்யச் சொல்வது எந்த ஊர் வழக்கு? தியாகம் மேலிருந்து தொடங்கட்டும். அப்போது கீழே இருப்பவர் தாமே முன்வருவார். வராவிட்டாலும் அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

கடினமான கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. கொடுத்தாலும் வாங்காதவர் உண்டே! நாற்பது ஆண்டாக மன்றத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். உறையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், வற்புறுத்தினால் வருந்துவார். அவர் மனத்தைப் புண்படுத்தலாமா? அவர் வாங்கவில்லை என்று காட்டி, அடுத்து வரும் ஏழை இளைஞனுக்கும் இல்லை என்று சொல்லலாமா? இங்கேதான் பல மன்றங்கள் தவறுகின்றன. பெரியவரின் பெருந்தன்மையைச் சிறியவனின் தலையில் விதியாக்கிவிடுகிறார்கள்.

வழி எளிது. மற்றவர்க்குப் போலவே அவர் பெயருக்கும் ஊதியம் ஏட்டில் ஏறட்டும். பணம் அவர் கைக்குப் போகட்டும். அதை அவர் மன்றத்துக்கே திருப்பித் தருவதாயின், செயலாளர் எழுந்து நின்று வாங்கி, அங்கேயே இரசீது எழுதித் தரட்டும். ஆண்டறிக்கை அச்சாகும்போது, நன்கொடையாளர் பட்டியலில், ஆலை முதலாளியின் பெயருக்கும் வங்கியின் பெயருக்கும் நடுவே, தொகையோடு, ஆர்மோனியக்காரரின் பெயரும் இருக்கட்டும்.